குறுக்கே வைத்த கரண்டி

மூன்றாவது கடையிலும் அக்கா இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. தட்டு வந்து ஆவி அடங்குவதற்குள், "கை கழுவிட்டு வந்துடறேன்" என்று எழுந்துவிட்டாள்.

"அண்ணி, மூணு கடையில நாலு தடவை கழுவியாச்சு," என்றாள் நாத்தனார், வறுத்த மீனில் முள்ளெடுத்தபடி. "ரேகை அழிஞ்சிடப் போகுது."

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. கை கழுவுமிடம் இடப்பக்கம் என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அவள் வலப்பக்கம் போனாள். வலப்பக்கம் சமையலறை. ஆடும் கதவைத் தோளால் தள்ளித் தலையை மட்டும் உள்ளே விட்டாள். ஆறு அடுப்பு, ஒன்பது பானை. சமையல்காரர்கள் மூன்று பேர், மூன்றும் தெரியாத முகம். கரண்டியெல்லாம் கொக்கியில் தொங்கின. இரண்டு மட்டும் பானைக்குள்ளேயே நின்றன. ஒன்றுகூடக் குறுக்கே இல்லை.

"அம்மா, இங்கெல்லாம் வரக் கூடாது," என்றார் பரிமாறுகிறவர்.

"தெரியாம வந்துட்டேன்," என்றாள் அக்கா. பொய் சொல்லும்போது அவளுக்கு மூக்கு நுனி சிவக்கும். அது சிவந்தது.

ஊருக்கே அவள் அக்காதான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் எட்டு மேசை போட்ட சாப்பாட்டுக் கடை அவளுடையது. அறுபது வயதுக்காரரும் "அக்கா, இன்னும் கொஞ்சம் சோறு" என்றுதான் தட்டை நீட்டுவார். இத்தனை பேர் அக்கா அக்கா என்று கூப்பிட்டு என்ன? அப்படிக் கூப்பிட நிஜ உரிமை உள்ள ஒருத்தன், கூடப்பிறந்த தம்பி, ஒன்பது வருஷமாகக் கூப்பிடவில்லை. அவனைத் தேடித்தான் இந்தப் பெரிய ஊருக்கு வந்திருக்கிறாள். குடும்பத்திடம் அதைச் சொல்லவில்லை.

அவர்களிடம் சொன்னது வேறு. "நம்ம கடையில புதுசா நாலு அயிட்டம் போடணும். ரெண்டு நாள் பெரிய ஊருக்குப் போய் நல்லதா சாப்பிட்டுப் பாத்துட்டு வருவோம்." பதினெட்டு வருஷத்தில் கடையை ஒரு நாள்கூட மூடாதவள் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்? நாத்தனார் அன்றைக்கே பை எடுத்துவிட்டாள். மகள், ஒவ்வொரு கடைக்கும் பத்துக்கு எத்தனை என்று மார்க் போடப் புது நோட்டு வாங்கினாள். புருஷன் ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் பம்ப் ஆபரேட்டர். மணி பார்த்து வால்வைத் திறந்து, மணி பார்த்து மூடுகிற ஆள். அவர் ஒரு அட்டையில் பதினொரு கடைகளை நேரத்தோடு எழுதிக்கொண்டார். பன்னிரண்டு பத்துக்கு சூப். பன்னிரண்டு ஐம்பதுக்கு மீன். சாப்பாட்டையும் வால்வு மாதிரிதான் அவருக்குத் திறக்கத் தெரியும்.

நிஜக் காரணம் ஒரு லாரி டிரைவர். போன மாதம் அவள் கடையில் சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டே சொன்னார். "அக்கா, உங்க தம்பி மாதிரி ஒருத்தரப் பாத்தேன். பெரிய ஊர்ல, ஒரு பாலத்துக்குப் பக்கம். ஏதோ கடையில அடுப்பு முன்னாடி நின்னாரு. எனக்கு சிக்னல் விழுந்துடுச்சு, வந்துட்டேன்."

"எந்தப் பாலம்?"

"அதெல்லாம் யாரு பாத்தா?"

அந்த ஊரில் பாலத்துக்கா பஞ்சம்? அட்டையில் இருந்த பதினொரு கடையும் அக்கா சொல்லி எழுதியவை. பதினொன்றும் ஏதாவதொரு பாலத்தை ஒட்டியவை. மகள் மட்டும் கேட்டாள், "எல்லாக் கடையும் ஏம்மா பாலத்துக்கடியிலயே இருக்கு?"

"காத்து வரும்," என்றாள் அக்கா. அப்போதும் மூக்கு சிவந்தது.

முகத்தைப் பார்த்தால் போதாதா, கரண்டியை ஏன் பார்க்கிறாள் என்று கேட்பீர்கள். சமையல்காரர்கள் முறை மாற்றி வருவார்கள். அவள் எட்டிப் பார்க்கிற நேரத்தில் அவன் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் அவன் வேலை செய்யும் அடுப்படியில் ஒரு அடையாளம் இருக்கும், அவளுக்கு மட்டும் தெரிந்தது. அவனும் அவளோடு சமைத்த நாளில் கடையின் அடுப்புகள் போடுகிற இரைச்சலில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காது. அதனால் அக்காவும் தம்பியும் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். பானையில் உப்பு போட்டவர் பெரிய கரண்டியை அதன் வாயில் குறுக்கே வைக்க வேண்டும். கரண்டி குறுக்கே இருந்தால் உப்பு விழுந்தாச்சு. இல்லையென்றால் விழவில்லை. அவ்வளவுதான். வேறு எந்தச் சமையலறையிலும் இப்படிச் செய்ய மாட்டார்கள். கரண்டி உருண்டு விழும், அசிங்கம் என்பார்கள். தம்பியின் கைக்கு அது பழகிப்போயிருந்தது. பழகின கை லேசில் விடுமா?

அந்தச் சட்டத்தை மீறியது யார் என்பதுதான் கதை.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு கம்பெனிக்காரர்கள் இருநூறு பேருக்குச் சாப்பாடு சொல்லியிருந்தார்கள். அண்டா நிறைய கறிக்குழம்பு. அக்கா உப்பு போட்டாள், கிளறினாள். வாசலில் கேஸ்காரர் கத்தவே, கரண்டியும் கையுமாக அப்படியே வெளியே போய்விட்டாள். தம்பி வந்து பார்த்தான். குறுக்கே கரண்டி இல்லை. அவனும் உப்பு போட்டான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்; ரெண்டு பேர் உப்பிட்டால் என்ன செய்வது என்று ஒருத்தரும் சொல்லி வைக்கவில்லை. கம்பெனி ஆள் ஒரு வாய் வைத்துவிட்டு முற்றத்தில் துப்பினார்.

கடையிலிருந்த நாற்பது பேர் முன்னால் அக்கா தம்பியைத் திட்டினாள். திட்டு என்றால் சாதாரணத் திட்டா? "உன்னை அடுப்படியில விட்டதே என் புத்தி கெட்டதனம். நீ ஆக்கினத நாய்கூட மோந்து பாக்காது. இனிமே என் கரண்டியத் தொடாத!" அந்தக் கரண்டியைச் சொல்லும்போதுதான் அவளுக்கே உறைத்தது. கரண்டி அவள் கையில் இருந்தது. அதை ஆட்டி ஆட்டித்தான் அவ்வளவு நேரமும் பேசியிருக்கிறாள். பானை மேல் இருக்க வேண்டியது கையில் என்ன செய்கிறது?

அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நாற்பது பேர் பார்க்கிறார்களே என்ற வீம்பு. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். தம்பி மூன்று நாள் பின்கட்டு அறையிலேயே கிடந்தான். சாப்பாட்டு வேளைக்கு வந்து அவள் எதிரே உட்காருவான், அவள் முகத்தையே பார்ப்பான், எழுந்து போவான். முறைக்கிறான் என்று அவளும் முறைத்தாள். நாலாம் நாள் காலை முதல் பஸ்ஸில் போய்விட்டான். கொட்டின குழம்பை அள்ளலாம், கொட்டின வார்த்தையை அள்ள முடியுமா?

புருஷனுக்குத் தெரிந்ததெல்லாம், மச்சான் பானையைக் கெடுத்தான், திட்டு வாங்கினான், ரோஷப்பட்டு ஓடினான் என்பதுதான். ஒன்பது வருஷமாக அந்தப் பொய்யை அக்கா திருத்தவில்லை. ஒவ்வொரு வருஷமும் அது இன்னும் கெட்டியாகிக்கொண்டே வந்தது.

முதல் நாள் ஆறு கடை முடிந்தது. சூப் கடையில் சமையலறைக் கதவு பூட்டியிருந்தது. அக்கா சந்துக்குள் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நூடுல்ஸ் கடையில் தட்டு வருவதற்கு முன்பே "போலாம்" என்றாள். சுட்ட கோழி விற்கிற நடைபாதைக் கடையில் கோழியைப் பார்க்காமல் கோழிக்காரரின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றதில் அந்த மனிதர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"அண்ணி, செருப்பத் தொலைச்சவங்க மாதிரி ஏன் இப்படி எல்லா வாசல்லயும் எட்டிப் பாக்கறீங்க?" என்றாள் நாத்தனார்.

"சுத்தமா இருக்கான்னு பாக்கறேன்."

"உங்க பாட்டுக்குப் பாருங்க. நான் சுத்தமா தின்னு முடிச்சுடறேன்." அவள் அக்காவின் தட்டையும் இழுத்துக்கொண்டாள். அன்று முழுக்க இரண்டு பேர் சாப்பாட்டை ஒற்றை ஆளாகச் சாப்பிட்டவள் அவள்தான். ராத்திரி விடுதியில் ஓமத்தண்ணி கேட்டு அண்ணனைப் படுத்தி எடுத்தாள்.

இரண்டாம் நாள் பகல், ஒன்பதாவது கடையில் புருஷனுக்குப் பொறுமை போய்விட்டது. வெள்ளைத் துணி விரித்த மேசை, மடித்து வைத்த கை துடைக்கும் துணி, வருகிறவர்களெல்லாம் மெல்லப் பேசுகிற கடை. அக்கா சமையலறைக்குள் ஏழடி போய், ஒரு மூடியையும் திறந்துவிட்டாள். மேலாளர் வந்து, "உங்களுக்கு வேற கடை சரியா இருக்கும்" என்று பல்லைக் காட்டாமல் சிரித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

"மானம் போச்சு," என்றார் புருஷன் நடைபாதையில் நின்று. "என்னதான் தேடற நீ? சொல்லித் தொலை."

 அக்காவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. எதிர்ச்சாரிக் கடைகளின் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் அவளையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உன் தம்பியையா?"

அவள் தலையாட்டினாள்.

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்? ஆனா ஒண்ணு. பானையக் கெடுத்தது அவன். கோச்சுக்கிட்டுப் போனதும் அவன். நீ ஏன் ஊர் ஊரா அலையணும்? அவனுக்கு இருக்கணும் அந்த நெனப்பு."

இப்போது சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் மகள் நின்றாள், நாத்தனார் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சொன்னால், ஒன்பது வருஷம் இந்த மனுஷனோடு ஒரே தட்டில் பொய்யைப் பிசைந்து சாப்பிட்டது தெரிந்துவிடும். "நடங்க, நேரமாச்சு," என்றாள். தன் மேலேயே அவளுக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

பத்தாவது கடை மூடியிருந்தது. பதினொன்றாவது கடை இருந்த இடத்தில் இப்போது டயர் விற்றார்கள். மணி மூன்றரை. ஐந்தரைக்கு ஊருக்குப் பஸ். புருஷன் அட்டையைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? அவன் இந்த ஊர்லயே இருக்கானோ இல்லையோ. வா, பஸ் ஸ்டாண்டுக்குப் போவோம்."

குறுக்கு வழி என்று மொத்தக் காய்கறிச் சந்தைக்குள் புகுந்தார்கள். கோஸ் இலையும் சேறும் காலுக்கடியில் வழுக்கியது. சந்தையின் பின்பக்கம் ரயில் பாலம். அதன் கீழே மூட்டை தூக்குகிறவர்கள் சாப்பிடுகிற தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன. அட்டையில் எழுத முடியாத கடைகள், பெயர்ப்பலகையே கிடையாது. அக்கா நடந்துகொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசிக்கு முந்தின வண்டியில் நீலத் தார்ப்பாய், இரண்டு பானை, பரிமாறுகிற ஒரு பெண். ஒரு பானையின் வாயில் பெரிய கரண்டி குறுக்கே கிடந்தது.

அக்காவின் கால் நின்றுவிட்டது. இரண்டு நாளில் அது தானாக நின்றது இதுதான் முதல் தடவை.

"என்ன வேணும்க்கா? சோறா, ரொட்டியா?" என்றாள் அந்தப் பெண். முப்பது வயதிருக்கும், நெற்றியெல்லாம் வியர்வை.

"அந்தக் கரண்டி... ஏம்மா குறுக்க வச்சிருக்க?"

அந்தப் பெண் சிரித்தாள். "பாக்கறவங்க எல்லாம் கேக்கறாங்க. உப்பு போட்டாச்சுன்னு அர்த்தம். எங்க வீட்டுக்காரர் போட்ட சட்டம். நான் ஒருத்தியே நின்னு ஆக்கினாலும் வைக்கணும். வைக்கலன்னா மனுஷன் அந்தப் பானையத் தொட மாட்டார்."

"ஏன்னு சொன்னாரா?"

"அவங்க வீட்ல ஒரு தடவ ரெண்டு பேரும் உப்பு போட்டு ஒரு அண்டா குழம்பு போச்சாம். அண்டாவோட வீடும் போச்சும்பார். யாரு கரண்டி வைக்க மறந்தாங்கன்னு நானும் எவ்வளவோ கேட்டுட்டேன். அதுக்கு மட்டும் வாயத் தொறக்க மாட்டார்."

அக்கா அங்கே கிடந்த மர ஸ்டூலில் உட்கார்ந்தாள்.  முன்னால் போன மூவரும் ஆளைக் காணோமென்று திரும்பி வந்தார்கள். புருஷன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அந்த நேரத்தில்தான் தோளில் தண்ணீர் கேனோடு அவன் வந்தான். உடம்பு பெருத்திருந்தது, காதோரம் நரைத்திருந்தது. நடை மட்டும் அதே நடை, ஒரு பக்கம் சாய்ந்து.

அவன் அவளைப் பார்த்தான். கேனைக் கீழே இறக்கினான். அது சாயாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்தான். பிறகுதான் வாயைத் திறந்தான்.

"வா," என்றான்.

வாக்கா என்று சொல்லவில்லை. அக்கா அதைக் கவனித்தாள். ஒற்றை எழுத்து.

புருஷன் முந்திக்கொண்டார். "ஏம்ப்பா, இது நல்லாருக்கா? சொல்லாம கொள்ளாம ஒன்பது வருஷம்! கூடப்பிறந்தவ நாலு வார்த்தை சொன்னா வாங்கிக்கறதில்லையா? பானையக் கெடுத்தது நீ, அதுக்கு அவ இல்ல இப்போ..."

"அவன் கெடுக்கல," என்றாள் அக்கா.

சின்னக் குரலில்தான் வந்தது. அது போதாது என்று அவளுக்கே பட்டது. அன்றைக்கு நாற்பது பேருக்குக் கேட்கிற மாதிரி கத்தினவள்தானே? எழுந்து நின்றாள். வண்டியைச் சுற்றி எட்டு பத்து மூட்டைக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே ரயில் ஒன்று தடதடவென்று போக ஆரம்பித்தது. அவள் அதற்கும் மேலே கத்தினாள்.

"நான்தான் கெடுத்தேன்! மொதல்ல உப்பு போட்டது நான். கரண்டிய வைக்காம கையோட எடுத்துட்டுப் போனது நான். இவன் மேல ஒரு தப்பும் இல்ல. தெரிஞ்சேதான் திட்டினேன். தெரிஞ்சேதான் இத்தன வருஷம் வாய மூடிட்டு இருந்தேன். நீங்க எல்லாரும் இவனக் கொறை சொல்லும்போது கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். நான் மனுஷியே இல்ல!"

பாதியில் ரயில் போய்விட்டது. கடைசி வார்த்தைகள் சந்தைவரை கேட்டன. எல்லோரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். ஓரமாக நின்ற ஒரு மூட்டைக்காரர் தன் தட்டைப் பார்த்து இன்னொரு வாய் எடுத்து வைத்தார். "உப்பு சரியாத்தானேம்மா இருக்கு," என்றார் குழப்பத்தோடு.

யாரும் சிரிக்கவில்லை. புருஷன் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது, அதற்கும் கீழே வேறென்னவோ இருந்தது. நாத்தனார் வாயைத் திறந்தாள், வாழ்க்கையில் முதல் தடவையாக எதுவும் சொல்லாமல் மூடிக்கொண்டாள். வண்டிக்காரப் பெண் தன் புருஷனையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தம்பி துண்டால் கையைத் துடைத்தான். "தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"உப்பு போட்டுட்டு, குறுக்க வைக்கக் கரண்டியத் தேடினேன். காணோம். நீ திட்டறப்ப பாத்தா அது உன் கையில ஆடுது. அப்பவே தெரியும்."

 "அப்ப ஏன்டா நீ சொல்லல? நாற்பது பேர் முன்னாடி என் வாய அடைச்சிருக்கலாமே! ஏன்டா சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்," என்றான் அவன்.  "உன் எதிர்ல வந்து வந்து உக்காந்தேன். மூணு நாள் பாத்தேன்க்கா."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முறைத்தான் என்று நினைத்தாளே, பாவி. ஒன்பது வேளை எதிரே வந்து உட்கார்ந்து, ஒரு சொல்லுக்குக் காத்திருந்திருக்கிறான். அந்த ஒரு சொல்லை அவள் அன்று சொல்லியிருந்தால் பின்கட்டு அறை காலியாகியிருக்காது. இந்தப் பெண்ணை அவளே பார்த்துக் கட்டி வைத்திருப்பாள்.

தம்பி சமாதானம் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துவிடவும் வரவில்லை. அடுப்பைக் குறைத்தான், ஒரு தட்டைக் கழுவினான், அதைத் துடைத்தான், துடைத்ததையே மறுபடி துடைத்தான். "சாப்பிட்டியா?" என்றான், அவள் பக்கம் திரும்பாமலே.

"எங்க சாப்பிட்டாங்க?" என்றாள் நாத்தனார். மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். "ரெண்டு நாளா இந்த ஊர்ல இல்லாத கடையெல்லாம் ஏறி இறங்கியாச்சு. ஒரு தட்டு முழுசா திங்கல. எல்லாத்தையும் நான்தான் தின்னு தொலைச்சேன்."

அவன் பானை மேல் கிடந்த கரண்டியை எடுத்தான். சோறு போட்டு, குழம்பு ஊற்றி, அக்காவின் மடியில் தட்டை வைத்தான். அவள் முதல் வாயை வைத்தாள். அதே கை, அதே பக்குவம். உப்பு திட்டமாக இருந்தது. இரண்டாவது வாய், மூன்றாவது வாய். மகள் நோட்டைத் திறந்தாள், என்ன நினைத்தாளோ, மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள்.

"மணி நாலே முக்கால்," என்றார் புருஷன். வால்வு மூடுகிற நேரம் அவருக்கு உடம்பிலேயே அடிக்கும். "இப்ப கெளம்பினாத்தான் பஸ்ஸு."

அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டு காலியாகியிருந்தது. ஊரே தன்னிடம் கேட்கிறதைத் தான் யாரிடமும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. தட்டை நீட்டினாள்.

"தம்பி, இன்னும் கொஞ்சம் சோறு."